பல்லைத் தாண்டிப் பாருங்கள்

கண்ணாடி முன்னால் நின்று வாயைத் திறக்கும் பெரும்பாலோர் பார்ப்பது பல்லை மட்டும்தான். மஞ்சள் படிந்திருக்கிறதா, சொத்தை விழுந்திருக்கிறதா, வரிசை கலைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாயை மூடிக்கொள்கிறோம். ஆனால், வாய்க்குள் பல் பிடித்திருக்கும் இடம் மிகக் குறைவு. காலின்ஸ், டாவ்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1987-ல் வயது வந்தவர்களின் வாய்க்குள் உள்ள மொத்தப் பரப்பை அளந்தார்கள். சராசரியாக 215 சதுர சென்டிமீட்டர் வந்தது. அதில் பற்களின் பங்கு ஐந்தில் ஒன்று. மீதி நான்கு பங்கும் கன்னம், உதடு, ஈறு, அண்ணம், நாக்கு, நாக்கடி என எங்கும் ஈரமாகப் போர்த்தியிருக்கும் உட்சவ்வு. நாம் பார்க்காமல் விடுவது அந்த நான்கு பங்கைத்தான். அது வெறும் சிவப்புச் சுவர் அல்ல. ஒவ்வோர் அங்குலமும் ஒவ்வொரு வேலைக்கென்று வெவ்வேறு விதமாகக் கட்டப்பட்ட திசு. எந்த நோய் எங்கே வரும், எந்தப் பொருள் எங்கே நுழையும், எந்தச் சேதம் ஆறும், எது ஆறாது என்பதையெல்லாம் அந்தக் கட்டுமானமே தீர்மானிக்கிறது. இதைப் புரிந்துகொண்டால் இரண்டு உண்மைகளை ஒப்புக்கொள்ளாமல் இருக்க முடியாது. புகையிலை சேராத பாக்கும் வாயைக் கெடுக்கும் என்பது ஒன்று. வாய்ப்புற்று வெறுங்கண்ணால், ஒரு டார்ச் வெளிச்சத்தில், முன்கூட்டியே பிடிபடக்கூடிய நோய் என்பது மற்றொன்று.

முதலில் அடுக்குகளைப் பார்த்துவிடலாம். மேலே இருப்பது எபிதீலியம் எனும் செல் அடுக்கு. கீழ்வரிசையில் பிறக்கும் செல்கள் மெல்ல மெல்ல மேலேறி, தட்டையாகி, கடைசியில் உதிர்ந்து உமிழ்நீரோடு தொண்டைக்குள் போய்விடுகின்றன. அதற்குக் கீழே இருப்பது இணைப்புத்திசு. கொலாஜன் நார்கள், ரத்தக்குழாய்கள், நரம்பு முனைகள், நார்களை நெய்யும் செல்கள் எல்லாம் இங்கேதான். இதற்கும் கீழே, சில இடங்களில் மட்டும், கொழுப்பும் சிறு உமிழ்நீர்ச் சுரப்பிகளும் கொண்ட தளர்வான அடுக்கு ஒன்று உண்டு. இந்த மூன்றும் எந்த அளவில், எந்த இறுக்கத்தில் அமைந்திருக்கின்றன என்பதுதான் இடத்துக்கு இடம் மாறுகிறது.

முறுக்கையோ கரும்பையோ கடிக்கும்போது நேரடியாக அடி வாங்குவது ஈறும் மேலண்ணமும். அங்கே செல் அடுக்கின் மேற்பரப்பில் கெரட்டின் எனும் கடினப் புரதம் படிந்திருக்கும். உள்ளங்கைத் தோல் உறுதியாக இருப்பதும் இதே புரதத்தால்தான். அது மட்டுமல்ல, மேலண்ணத்தின் பல பகுதிகளில் தளர்வான அடுக்கே கிடையாது; சவ்வு எலும்போடு நேராக ஒட்டிக்கிடக்கிறது. மருந்து பரவ இடமில்லாததால்தான் பல் பிடுங்கும்போது அண்ணத்தில் போடும் ஊசி அப்படி வலிக்கிறது. கன்னத்தின் உட்புறம் இதற்கு நேர்மாறு. அங்கே இயல்பாகக் கெரட்டின் கிடையாது. ஆனால், செல் அடுக்கு மட்டுமே சுமார் அரை மில்லிமீட்டர் தடிமன். கீழே இழுபட்டுத் திரும்பும் நார்கள் இருப்பதால் கொட்டாவிக்கும் சிரிப்புக்கும் பெரிய கவளத்துக்கும் ஈடுகொடுத்து விரிகிறது. கன்னத் தசையோடு இது சேர்த்துக் கட்டப்பட்டிருப்பது கூர்ந்து கவனிக்க வேண்டிய ஏற்பாடு. வாயை மூடும்போது சவ்வு மடிந்து பற்களுக்கிடையே சிக்காமல் தசை அதை இழுத்துக்கொள்கிறது. ஒரு நாளில் எத்தனையோ முறை மெல்கிறோம். கன்னத்தைக் கடித்துக்கொள்வது எப்போதாவதுதான். நாக்கின் அடிப்புறமும் வாயின் தரைப்பகுதியும் மூன்றாவது வகை. கன்னத்தின் செல் அடுக்கில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான் அங்கே தடிமன். நாக்கைத் தூக்கிப் பார்த்தால் நீல நிற ரத்தக்குழாய்கள் பளிச்சென்று தெரிவது அதனால்தான்.

நாக்கின் மேற்பரப்பு தனி உலகம். தொட்டால் சொரசொரப்பாக இருப்பவை கெரட்டின் கொண்ட நுண்முகடுகள். அவற்றில் சுவை மொட்டுகள் கிடையாது, உணவைப் பிடித்துப் புரட்டுவதுதான் அவற்றின் வேலை. இடையிடையே சிவப்புப் புள்ளிகளாகத் தெரிபவற்றிலும், நாக்கின் பின்பகுதியில் ‘வி’ வடிவில் வரிசைகட்டி நிற்கும் 8 முதல் 12 பெரிய முகடுகளிலும், பக்கவாட்டு மடிப்புகளிலும் சுவை மொட்டுகள் இருக்கின்றன. நுனியில் இனிப்பு, பின்னால் கசப்பு என்று பள்ளிப் பாடங்களில் வந்த வரைபடம் தவறானது. 1901-ல் வெளியான ஒரு ஜெர்மானிய ஆய்வைப் பின்னால் வந்தவர்கள் பிழையாகப் புரிந்துகொண்டதன் விளைவு. மொட்டுகள் இருக்கும் எல்லா இடங்களிலும் எல்லாச் சுவைகளும் தெரியும். இரும்புச்சத்தோ பி12 வைட்டமினோ குறைந்தால் இந்த நுண்முகடுகள் தேய்ந்து நாக்கு வழுவழுவென்று சிவந்துவிடும். அனுபவமுள்ள மருத்துவர் நாக்கை நீட்டச் சொல்வது சடங்குக்காக அல்ல.

உடலின் வெளித்தோலை ஒரு கடினப்பொருள் துளைத்துக்கொண்டு நிரந்தரமாக வெளியே நிற்பது பல் முளைத்த இடத்தில் மட்டுமே. நகமும் முடியும் தோலின் உற்பத்திகள். அவை தோலைத் துளைப்பதில்லை. பல்லைச் சுற்றி ஈறு ஒரு மெல்லிய வளையமாக ஒட்டிக்கொண்டு அந்தத் திறப்பை அடைக்கிறது. அந்த ஒட்டு தளர்ந்தால் கிருமிகளுக்கு எலும்பு வரை பாதை கிடைத்துவிடும். எனவே, அங்கே செல்கள் சில நாட்களிலேயே புதுப்பிக்கப்படுகின்றன. ரத்த வெள்ளையணுக்கள் இரவும் பகலும் அந்த இடைவெளி வழியே கசிந்து வந்து காவல் நிற்கின்றன. வைட்டமின் சி இல்லாவிட்டால் கொலாஜனை ஒழுங்காக நெய்ய முடியாது. அதனால்தான் ஸ்கர்வி நோயில் ஈறு வீங்கி ரத்தம் கசிகிறது. 1747-ல் ஜேம்ஸ் லிண்ட் கப்பல் மாலுமிகளுக்கு எலுமிச்சையும் ஆரஞ்சும் கொடுத்துப் பார்த்த புகழ்பெற்ற சோதனையில், நோயின் முகமாக இருந்தது அழுகிய ஈறுதான்.

காவல் காக்கும் இதே சவ்வு வாசலாகவும் இருக்கிறது. நெஞ்சுவலி வந்தவருக்கு நாக்கடியில் மாத்திரை வைக்கச் சொல்வதை நம் வீடுகளில் பலரும் அறிவார்கள். நெஞ்சுவலிக்கு நைட்ரோகிளிசரின் உதவும் என்று 1879-ல் லண்டன் மருத்துவர் வில்லியம் மரல் எழுதினார். அந்த மருந்தை விழுங்கினால் கல்லீரலிலேயே பெரும்பகுதி வீணாகிவிடும். நாக்கடியில் வைத்தால் மெல்லிய சவ்வைக் கடந்து நேராக ரத்தத்துக்குப் போய், ஓரிரு நிமிடங்களில் வேலை செய்யத் தொடங்கும். ஊடுருவலில் நாக்கடி முதலிடம், கன்னம் இரண்டாம் இடம், மேலண்ணம் கடைசி. கன்னமே வெளித்தோலைவிடப் பல மடங்கு எளிதாகப் பொருட்களை உள்ளே விடுகிறது. செல் அடுக்கின் மேல்பகுதியில் செல்களுக்கிடையே பூசப்பட்டிருக்கும் கொழுப்புதான் இங்கே உண்மையான தடுப்பு. நல்ல மருந்துக்கு வழிவிடும் வாசல் நஞ்சுக்கும் வழிவிடும். எது நல்லது, எது கெட்டது என்று அந்தச் சவ்வுக்குத் தெரியாது. கொழுப்பில் கரையுமா, மின்னூட்டம் உண்டா, எவ்வளவு நேரம் தொட்டுக்கொண்டிருக்கிறது என்பவைதான் அங்கே கணக்கு. புகையிலையோடு சுண்ணாம்பு சேர்க்கும்போது நடப்பது இதுதான். சுண்ணாம்பின் காரத்தன்மை நிகோடினின் மின்னூட்டத்தை நீக்கிவிட, அது சவ்வை எளிதாகக் கடக்கிறது. அதக்கிக்கொண்ட சில நொடிகளில் ‘ஏறுகிறது’ என்று சொல்கிறார்களே, அதன் பின்னால் இருக்கும் வேதியியல் இவ்வளவுதான்.

இங்கே நியாயமான ஒரு மறுப்பு எழும். வாயின் உட்சவ்வு அவ்வளவு வேகமாகப் புதுப்பிக்கப்படுகிறதே, கெட்டுப்போன செல்கள் உதிர்ந்துபோகத்தானே வேண்டும்? சூடான காபி பட்ட நாக்கு நான்கு நாளில் சரியாகிவிடவில்லையா? உண்மைதான். கன்னத்தின் செல் அடுக்கு சுமார் 25 நாட்களில் முழுவதும் மாறிவிடுகிறது. தோலுக்கு 50 நாட்களுக்கு மேல் பிடிக்கும். நாளொன்றுக்கு அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை சுரக்கும் உமிழ்நீரில் காயத்தை ஆற்றும் புரதங்களும் கிருமிகளைப் பிடித்துவைக்கும் எதிர்ப்பொருட்களும் இருக்கின்றன. அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனங்களைச் சேர்ந்த விஞ்ஞானிகள் நடத்தி 2018-ல் வெளியான ஆய்வில், தன்னார்வலர்களின் கன்னத்தின் உட்புறத்திலும் கையிலும் சிறு காயம் ஏற்படுத்தி, ஆறும் விதத்தை ஒப்பிட்டார்கள். வாய்க்காயம் வெகு சீக்கிரம் மூடியது. வியப்பு என்னவென்றால், காயத்தை ஆற்றுவதற்கான மரபணுக்கள் வாயில் காயம் படுவதற்கு முன்பே விழித்த நிலையில் இருந்தன. உடலில் இவ்வளவு ஆயத்தமாக இருக்கும் திசுக்கள் குறைவு.

ஆனால், அந்த மறுப்பு மேலடுக்கை மட்டும் பார்த்து எழுவது. உதிர்வது மேலே ஏறிய செல்கள். அவற்றைப் பெற்றெடுக்கும் தாய்ச்செல்கள் கீழ்வரிசையில் ஆண்டுக்கணக்காக இருக்கின்றன. அவற்றின் மரபணுவில் விழும் கீறல் உதிர்வதில்லை, ஒவ்வொரு புதிய தலைமுறைக்கும் கைமாறுகிறது. அதற்கும் கீழே உள்ள இணைப்புத்திசுவின் கதை வேறு. அங்கே கொலாஜனை நெய்வதும் பழையதைக் கரைப்பதும் ஒன்றுக்கொன்று சமமாக நடந்துகொண்டே இருக்க வேண்டும். அந்தச் சமநிலை குலைந்தால் சேதம் உமிழ்நீரோடு போகாது. நாராகத் தங்கி இறுகும். பாக்கு தன் வேலையைக் காட்டுவது இந்த அடுக்கில்தான்.

1952-ல் ஷ்வார்ட்ஸ் என்ற மருத்துவர் கென்யாவில் வாழ்ந்த ஐந்து இந்தியப் பெண்களிடம் வாய் வெளுத்து இறுகும் ஒரு நோயைக் கண்டு எழுதினார். அடுத்த ஆண்டே மும்பையில் எஸ்.ஜி. ஜோஷி இதே நோயைத் தனியாக விவரித்தார். 1966-ல் டென்மார்க்கின் ஜென்ஸ் பிண்ட்போர்க்கும் மும்பையின் சத்யவதி சிர்சாத்தும் சேர்ந்து அதற்கு இன்றும் பயன்படும் வரையறையைத் தந்தார்கள். ‘ஓரல் சப்மியூக்கஸ் ஃபைப்ரோசிஸ்’ என்பது மருத்துவப் பெயர். வாய் இறுக்க நோய் என்று சொல்லிக்கொள்ளலாம். பாக்கில் உள்ள அரிகோலின் எனும் வேதிப்பொருள் நார் நெய்யும் செல்களைத் தூண்டிவிடுகிறது. பாக்கில் தாமிரச் சத்து அதிகம். கொலாஜன் நார்களை ஒன்றோடொன்று பிணைக்கும் நொதி வேலை செய்யத் தேவைப்படுவது அந்தத் தாமிரம்தான். இவை போதாதென்று, பாக்கின் துவர்ப்புக்குக் காரணமான டானின், நார்களைக் கரைக்கவிடாமல் தடுக்கிறது. தோல் பதனிடும் தொழிலில் ஆவாரம்பட்டையின் டானின் ஆட்டுத்தோலுக்குச் செய்வதைப் போன்றதுதான் இது. அழுகிக் கரைய வேண்டிய கொலாஜனைக் கட்டி, உறுதியாக்கி, நிலைக்க வைப்பது. செருப்புக்கு அது வேண்டும். உயிருள்ள கன்னத்துக்கு அது ஆகாது.

நோய் வரும் விதத்தை அருகில் நின்று பார்ப்பது நல்லது, ஏனென்றால் தொடக்கத்தில் யாரும் இதை நோயென்று நினைப்பதில்லை. முதல் அடையாளம் எரிச்சல். வழக்கமாகச் சாப்பிடும் மிளகாய்ச் சட்னியும் ரசமும் திடீரென்று வாயைச் சுடும். ‘காரம் ஒத்துக்கொள்ளவில்லை, வயிற்றுச் சூடு’ என்று சொல்லி மோர் குடித்துச் சமாளிப்பார்கள். சவ்வு மெலிந்து நரம்பு முனைகள் மேலே நெருங்கிவிட்டன என்பது அதன் பொருள். அடுத்து, இளஞ்சிவப்பாக இருந்த கன்னத்தின் உட்புறம் பளிங்கு போல வெளுக்கும். விரலை உள்ளே விட்டுத் தடவினால் மேலும் கீழுமாக ஓடும் கயிறு போன்ற பட்டைகள் தட்டுப்படும். உள்நாக்கு சுருங்கும், நாக்கை நீட்ட முடியாது, விசில் அடிக்கவும் பலூன் ஊதவும் வராது. இயல்பான வாயில் அவரவர் மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் செங்குத்தாக நுழைக்கலாம். இந்த நோயில் அது இரண்டு விரலாகி, ஒரு விரலாகி, கடைசியில் கரண்டி நுழைவதே பாடாகிவிடும். பாக்கை நிறுத்தினால் மேலும் மோசமாவது குறையலாம். ஏற்கெனவே இறுகிப்போன நார் பழைய நிலைக்குத் திரும்புவது அரிது. உடற்பயிற்சி, ஊசி, அறுவை சிகிச்சை எல்லாம் திறப்பைக் கொஞ்சம் கூட்டலாம், அவ்வளவே. எர்ணாகுளம் மாவட்டத்தில் இந்த நோயாளிகளை 17 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 1985-ல் வெளியிட்ட ஆய்வில், 7.6 சதவீதம் பேருக்கு இது புற்றுநோயாக மாறியிருந்தது. பதின்மூன்று பேரில் ஒருவர்.

சரி, புற்று எங்கே வருகிறது? இந்தக் கேள்விக்கான விடைதான் என் வாதத்துக்கு வலுவான சான்று. சிகரெட்டும் மதுவும் முக்கியக் காரணங்களாக இருக்கும் மேற்கு நாடுகளில் வாய்ப்புற்று அதிகம் வரும் இடங்கள் நாக்கின் ஓரமும் வாயின் தரையும். உமிழ்நீரில் கரைந்த நச்சுகள் தேங்கும் பள்ளம் அது. சவ்வும் அங்கேதான் மிக மெல்லியது. இந்தியாவில் படம் மாறுகிறது. இங்கே கன்னமும், கன்னமும் ஈறும் சந்திக்கும் பள்ளமும் முன்னால் வந்து நிற்கின்றன. புகையிலையையும் பாக்கையும் அதக்கிவைக்கும் இடம் அது. ஆந்திரத்தின் ஸ்ரீகாகுளம், விசாகப்பட்டினம் கடலோரக் கிராமங்களில் பெண்கள் சுருட்டின் எரியும் முனையை வாய்க்குள் வைத்துப் புகைக்கும் பழக்கம் உண்டு. அங்கே, உலகில் மற்ற இடங்களில் அரிதான மேலண்ணப் புற்று வந்தது. பிண்ட்போர்க், மேத்தா குழுவினர் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கிராம மக்களைப் பரிசோதித்து 1971-ல் இதைப் பதிவுசெய்தார்கள். கெரட்டின் கவசம் பூண்ட, எலும்போடு இறுகிய மேலண்ணம்கூட நெருப்பையும் புகையையும் நாள்தோறும் தாங்க முடியாமல் தோற்றது. ஒரே உடல், ஒரே வாய். ஆனால் எந்தப் பொருள் எந்தத் திசுவை எவ்வளவு நேரம் தொடுகிறதோ அந்த இடத்தில் நோய். இதைத் தலைவிதி என்றும் பரம்பரை என்றும் சொல்லித் தள்ளிவிட முடியாது.

இது நமக்குப் புதிய செய்தியும் அல்ல. 1902-லேயே சென்னையில் பணியாற்றிய நிப்லாக் என்ற மருத்துவர் கன்னப் புற்றையும் வெற்றிலைப் பழக்கத்தையும் சேர்த்து எழுதிவிட்டார். இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கும் நெய்யூர், அன்று தென் திருவிதாங்கூர். அங்கே இருந்த மிஷன் மருத்துவமனையிலிருந்து 1908-ல் பென்டால் என்ற மருத்துவரும், 1933-ல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் ஓர் (Orr) என்ற மருத்துவரும் வாய்ப்புற்று நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். எவரெஸ்ட் பயணங்களில் பங்கேற்ற ஹோவர்ட் சோமர்வெல் பின்னர் பல ஆண்டுகள் அறுவை சிகிச்சை செய்த மருத்துவமனையும் அதுவே. ‘எங்கள் தாத்தா எண்பது வயதுவரை வெற்றிலை போட்டார், ஒன்றும் ஆகவில்லை’ என்று சொல்பவர்களுக்கு இந்தப் பதிவுகள்தான் பதில். ஒன்றும் ஆகாத தாத்தா நம் நினைவில் இருக்கிறார். கன்னம் துளைத்துப்போய் நெய்யூருக்கு வண்டி கட்டி வந்தவர்களை நினைவில் வைத்திருக்க யாருமில்லை. அவர்கள் மருத்துவ ஏடுகளில் மட்டும் இருக்கிறார்கள். எண்பது வயதுவரை புகைத்தவர்களும் உண்டு. அதனால் சிகரெட் குற்றமற்றதாகிவிடவில்லை.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. கெடுதல் செய்வது புகையிலைதானே, பாக்கு மேல் ஏன் பழி? சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1985-ல் வந்த முடிவும் ஏறக்குறைய அதுதான். புகையிலை சேர்ந்த வெற்றிலைதான் அப்போது குற்றவாளிப் பட்டியலில் இடம்பெற்றது. பிறகு தைவானிலிருந்து சான்றுகள் வந்தன. அங்கே பாக்கோடு புகையிலை சேர்ப்பதில்லை. ஆனாலும் வாய்ப்புற்று பெருகியது. தைவானில் பாக்கு மெல்லும் ஆண்களில் பலர் புகைப்பவர்கள், எனவே பழி அங்கேயும் சிகரெட்டின் மேல்தானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. புகைப்பழக்கத்தைக் கணக்கில் கழித்த பிறகும் பாக்கின் தனிப்பங்கு தெளிவாக நின்றதால்தான் அந்த முகமை, 2004-ல் வெளியிட்ட தொகுதியில், புகையிலை இல்லாத வெற்றிலைப்பாக்கையும் பாக்கைத் தனியாகவும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற முதல் பிரிவில் சேர்த்தது. வாய் இறுக்க நோயோ இன்னும் தெளிவான சாட்சி. புகையிலை மட்டும் போடுபவருக்கு அது வருவதில்லை. பாக்கு இருக்கும் இடத்தில்தான் வருகிறது. வெற்றிலை இலையின் மேல் இப்படியொரு குற்றம் நிரூபிக்கப்படவில்லை. கல்யாணத் தாம்பூலத் தட்டை யாரும் தூக்கியெறியச் சொல்லவில்லை. அதில் இருக்கும் பாக்கை வாயில் போட்டு மெல்லும் பழக்கத்தைப் பற்றித்தான் பேச்சு.

சட்டம் இந்த வேறுபாட்டைச் சரியாகப் பிடிக்கவில்லை என்பது என் கருத்து. தமிழ்நாட்டில் புகையிலை கலந்த குட்காவுக்கும் பான் மசாலாவுக்கும் 2013-ல் தடை வந்தது. ஆனால், புகையிலை கலக்காத வாசனைப் பாக்குப் பொட்டலம் பெட்டிக்கடையில் மிட்டாய்ப் பாட்டில்களுக்கு மேலே சரம் சரமாகத் தொங்குகிறது. உடல்நலத்துக்குக் கேடு என்ற வரி அதில் இருக்கிறது; படிக்க முடியாத அளவுக்குச் சின்ன எழுத்தில். ஒரு ரூபாய் இரண்டு ரூபாய்க்குக் கிடைக்கும் இனிப்பும் வாசனையும் கலந்த அந்தச் சீவல், சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு முறை போடும் தாத்தாவின் வெற்றிலையிலிருந்து வேறானது. காய்ந்து செறிந்த பாக்கு, மணிக்கு ஒரு முறை, பள்ளி வயதிலேயே தொடக்கம். 1998-ல் குஜராத்தின் பாவ்நகர் மாவட்ட ஆய்வை வெளியிட்டபோது ஆய்வாளர் பி.சி. குப்தா, வாய் இறுக்க நோய் இந்தியாவின் புதிய கொள்ளைநோயா என்று தலைப்பிலேயே கேட்டார். பாக்கு விவசாயிகளின் பிழைப்பு என்னாவது என்ற கேள்வி உண்மையானது. கர்நாடகம், கேரளம், அசாம் என்று லட்சக்கணக்கான குடும்பங்கள் அதை நம்பியிருக்கின்றன. ஆனால், அதற்கு விடை மாற்றுப்பயிருக்கு அரசு கைகொடுப்பதில் இருக்கிறது. இருபது வயதுப் பையன் வாய் திறக்க முடியாமல் போவது அதற்கு ஈடாக முடியாது.

2022-ம் ஆண்டுக்கான மதிப்பீட்டின்படி உலகில் உதடு, வாய்ப்புற்று புதிதாகக் கண்டறியப்பட்டவர்கள் சுமார் 3 லட்சத்து 90 ஆயிரம் பேர். அதில் 1 லட்சத்து 43 ஆயிரம் பேர் இந்தியர்கள். மூன்றில் ஒன்றுக்கு மேல். கணையப் புற்றும் கருப்பைக் கட்டியும் உடலின் ஆழத்தில் ஒளிந்திருப்பவை. ஸ்கேன் இல்லாமல் தெரியாது. வாய்ப்புற்று ஒளிவதில்லை. பெரும்பாலும் முன்னறிவிப்போடுதான் வருகிறது. துடைத்தாலும் போகாத வெள்ளைப் படலம், வெல்வெட் போன்ற சிவப்புத் திட்டு, ஓரம் தடித்த புண். இவற்றில் வெள்ளைப் படலம் அதிகம் காணப்படுவது. சிவப்புத் திட்டு அரிது, ஆனால் பார்த்த உடனே அஞ்ச வேண்டியது அதற்குத்தான். வலி பெரும்பாலும் தொடக்கத்தில் இருக்காது. வலிக்கவில்லையே என்று விட்டுவிடுவதுதான் நம் மக்கள் செய்யும் பெரிய தவறு.

இப்படியெல்லாம் சொன்னால் ஒவ்வொரு வாய்ப்புண்ணுக்கும் மக்கள் பதறமாட்டார்களா என்று கேட்கலாம். இயல்பான வாய் எப்படி இருக்கும் என்று தெரியாததால்தான் அந்தப் பதற்றம். நம்மவர்களின் ஈறுகளில் பழுப்பும் கருமையுமாக நிறம் இருப்பது இயல்பு. அது தோலின் நிறமியேதான். கன்னத்தில் மஞ்சள் கடுகுகளாகத் தெரியும் புள்ளிகள் எண்ணெய்ச் சுரப்பிகள். பற்கள் சந்திக்கும் மட்டத்தில் கன்னத்தில் ஓடும் மெல்லிய வெள்ளைக் கோடு மெல்லுவதன் தழும்பு. கடைவாய்ப் பல்லுக்கு எதிரே இருக்கும் சிறு மேடு உமிழ்நீர்க் குழாயின் வாய். மஞ்சள் நடுவும் சிவந்த ஓரமுமாக வந்து உயிரை எடுக்கும் சாதாரண வாய்ப்புண், கடுமையாக வலித்தாலும் பத்துப் பதினைந்து நாளில் ஆறிவிடும். மருத்துவர்கள் சொல்லும் அளவுகோல் எளிமையானது. இரண்டு வாரத்தில் ஆறாத எந்தப் புண்ணும், எந்தத் திட்டும், எந்தக் கட்டியும் மருத்துவர் கண்ணில் பட்டே ஆக வேண்டும்.

வெறும் கண்ணால் பார்ப்பது உயிரைக் காக்குமா என்பதைத் திருவனந்தபுரத்தில் சோதித்தே பார்த்தார்கள். 1996-ல் தொடங்கிய அந்த ஆய்வில் 13 ஊராட்சிப் பகுதிகள், 35 வயதுக்கு மேற்பட்ட ஏறத்தாழ 1 லட்சத்து 90 ஆயிரம் பேர். ஏழு பகுதிகளில் பயிற்சி பெற்ற களப்பணியாளர்கள் வீடு வீடாகப் போய் வாய்க்குள் பார்த்தார்கள்; அவர்கள் மருத்துவர்கள் அல்லர். சங்கரநாராயணன் குழுவினர் 2005-ல் ‘லான்செட்’ இதழில் வெளியிட்ட முடிவுப்படி, புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப்புற்று மரணம் 34 சதவீதம் குறைந்தது. இதற்கும் மறுப்பு உண்டு, அதை மறைக்கக் கூடாது. பழக்கம் இல்லாதவர்களையும் சேர்த்து மொத்தமாகப் பார்த்தால் கிடைத்த குறைவு புள்ளியியல்படி உறுதியானதாக இல்லை. பகுதிகளின் எண்ணிக்கையும் குறைவு. அமெரிக்காவின் தடுப்பு மருத்துவக் குழு 2013-ல் எல்லோருக்கும் இந்தப் பரிசோதனையைப் பரிந்துரைக்கச் சான்று போதாது என்றது. அந்த நாட்டுக்கு அது சரியாக இருக்கலாம். பழக்கம் உள்ளவர்களிடம் பலன் தெளிவாக இருந்தது என்பதுதான் நமக்கு வேண்டிய சேதி. அப்படிப்பட்டவர்கள் நம் ஊரில் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களைத் தேடிப்போக விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை.

அரசின் கொள்கையிலும் இது இருக்கிறது. 30 வயதைத் தாண்டியவர்களுக்கு வாய்ப் பரிசோதனை என்று மத்திய அரசின் வழிகாட்டுதலே சொல்கிறது. நடைமுறை என்ன? 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில், 30 முதல் 49 வயது வரையிலானவர்களில் புற்றுநோய்க்காக வாயை ஒருமுறையேனும் பரிசோதித்துக்கொண்டதாகச் சொன்ன பெண்கள் 0.9 சதவீதம், ஆண்கள் 1.2 சதவீதம். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீட்டு வாசல்வரை மருந்து கொண்டுபோய்க் கொடுக்கும் மாநிலம் நம்முடையது. அதே ஊழியர் கையில் ஒரு டார்ச்சையும் ஒரு மரக்குச்சியையும் கொடுத்து, பாக்கோ புகையிலையோ போடுபவர் வாயைத் திறக்கச் சொல்வது கூடுதல் சுமை ஆகாது. பல் மருத்துவர்கள், சொத்தை அடைக்க வந்தவரின் கன்னத்தையும் நாக்கடியையும் பார்த்துவிட்டுத்தான் நாற்காலியிலிருந்து இறக்க வேண்டும்.

இதைப் படிக்கும் நீங்கள் இன்று இரவு பல் துலக்கும்போது இன்னும் ஒரு நிமிடம் ஒதுக்குங்கள். கன்னத்தை விரலால் இழுத்து இரண்டு பக்கமும் பாருங்கள். நாக்கைத் தூக்கி அடியில் பாருங்கள். நாக்கின் ஓரங்களைப் பாருங்கள். மூன்று விரல் நுழைகிறதா என்று பாருங்கள். வீட்டில் பாக்கு போடும் அப்பாவோ சித்தியோ இருந்தால், ‘காரம் எரிகிறது’ என்று அவர்கள் சொல்வதைக் காதில் வாங்குங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் நிற்கும் எதையும் அரசு பல் மருத்துவக் கல்லூரியிலோ மாவட்ட மருத்துவமனையிலோ காட்டிவிடுங்கள்.